துப்பாக்கி இருந்த இடத்தில் ஓர் அகப்பை



கதை, கவிதை, காவிரித் தண்ணீர், கேழ்வரகு விலை என்று பேசிவந்த இந்தப் பக்கத்தை இம்மாதம் ஒரு வீடியோ கேமுக்குக் கொடுக்கிறேன். மூத்த வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இதில் உங்களுக்குத்தான் வேலை அதிகம். நம் இதழுக்குப் படம் வரைந்து தரும் தங்கை ஒருவரும், நாகாவதி அணை ஈழத்தமிழர் முகாமில் வளர்ந்த தம்பி ஒருவரும் சேர்ந்து ஏரியூரில் ஒரு மாடி அறையில் சின்னதாக ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறார்கள். போர் நடக்கிற இடத்தில் மனிதர் மனிதருக்குச் செய்கிற நல்லதுதான் அதன் பொருள். பாதி வேலை முடிந்திருக்கிறது. மீதிப் பாதி உங்கள் வீடுகளில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

கேம் ஆடிப் பழகாதவர்களுக்காக, சுடும் கேம்கள் என்ற வகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திரையில் நம் உருவம் தெரியாது. நம் கண்ணுக்கு எதிரே இருக்கும் உலகம் மட்டும் தெரியும். அடியில், நடுவாக, ஒரு கை நீண்டிருக்கும். அதில் துப்பாக்கி இருக்கும். அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1992-ல் உருவாக்கிய 'வுல்ஃபென்ஸ்டீன் 3டி' இந்தக் காட்சியை உலகெங்கும் கொண்டுபோனது. நாஜிகளின் கோட்டை ஒன்றிலிருந்து சுட்டுக்கொண்டே தப்பிக்கும் கதை அது. அடுத்த ஆண்டு டிசம்பரில் வந்த 'டூம்' அதைவிடப் பெரும் புகழ் பெற்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. படம் தெளிவாகிவிட்டது, புல் அசைகிறது, தண்ணீரில் வானம் தெரிகிறது. கை மட்டும் அன்று பிடித்ததை இன்னும் விடவில்லை.

"சார், அந்தக் கையில வேற எதையாவது கொடுத்துப் பார்த்தா என்ன?" என்று தம்பி ஒருநாள் கேட்டார். எதைக் கொடுப்பது என்று திருப்பிக் கேட்டேன். பதிலை யோசித்து வைத்திருந்தார். "அகப்பை."

அவர் நினைத்தது முள்ளிவாய்க்கால் கஞ்சியை. இலங்கைப் போரின் கடைசிக் கட்டத்தில், 2009-ன் முதல் ஐந்து மாதங்களில், வன்னி மக்கள் கிழக்கே கிழக்கே தள்ளப்பட்டு, நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையில் இருந்த ஒடுங்கிய மணல் நிலத்தில் வந்து அடைபட்டார்கள். புதுமாத்தளன், வலைஞர்மடம், கடைசியில் முள்ளிவாய்க்கால். உணவு வரத்து அறுந்துவிட்டது. இருந்த அரிசியைப் பெரிய பாத்திரத்தில் போட்டு, தண்ணீரும் உப்பும் சேர்த்துக் காய்ச்சி, வரிசையில் வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றினார்கள். தேங்காய்ப்பால் கிடையாது, தொட்டுக்கொள்ள எதுவும் கிடையாது. அந்த வரிசைகளின் மீதும் எறிகணை விழுந்ததைத் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். விழும் என்று தெரிந்தேதான் காய்ச்சினார்கள், தெரிந்தேதான் ஊற்றினார்கள். மே 18-ல் போர் முடிந்தது. இப்போது ஆண்டுதோறும் மே மாதத்தில் ஈழத்திலும், தமிழர் வாழும் பிற நாடுகளிலும் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்கள் உட்படச் சிலர் கைதானார்கள். உப்பும் அரிசியும் தண்ணீரும் சேர்ந்த ஒன்று பதினைந்து ஆண்டுகள் கழித்தும் ஒரு காவல்நிலையத்தைக் கலக்குகிறது என்றால், அதில் எத்தனை நினைவு கரைந்திருக்க வேண்டும்!

அதே நிலத்தில்தான் புதுமாத்தளன் பள்ளிக்கூடத்தில் ஒரு மருத்துவமனை இயங்கியது. அரசு மருத்துவர்களான சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா ஆகியோர் மருந்தில்லாத இடத்தில் மருத்துவம் பார்த்தார்கள். காயம்பட்டவர்களைப் பிப்ரவரி முதல் செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுபோனது. போர் முடிந்ததும் அந்த மருத்துவர்கள் சில மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். தங்கை முதலில் மருத்துவமனையைத்தான் கேமில் வைக்க நினைத்தார். பேசிப் பேசி அதை விட்டுவிட்டோம். அறுவைக் கத்தியைச் சாமானியர் கையில் கொடுத்து, ஆடுபவரின் திறமைக்குச் சோதனை வைப்பது சரியாகப் படவில்லை. அகப்பை அப்படியில்லை. அதை யாரும் பிடிக்கலாம்.

கேம் தொடங்கும்போது நீங்கள் ஒரு கிடாரத்துக்குப் பின்னால் நிற்கிறீர்கள். கையில் அகப்பை. எதிரே வரிசை. வரிசையின் கடைசி ஆள் உங்களுக்குத் தெரிய மாட்டார். கிடாரத்தில் இருப்பது எல்லோருக்கும் பற்றாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கிறது. அதை ஊற்றினால் இன்னும் பத்துப் பேருக்கு வரும், ஆனால் யாருக்கும் பசி அடங்காது. ஊற்றுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. தூரத்தில் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடலாம். கிடாரத்தை மூடிவிட்டு ஓடலாம், மூடாமலும் ஓடலாம். மூடுவதற்கு நேரம் பிடிக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. எட்டு வயதுப் பையன் ஒருவன் வருகிறான். தன் பங்கை வாங்கிக்கொண்டு, பங்கருக்குள் படுத்திருக்கும் அம்மாவுக்கும் சேர்த்துக் கேட்கிறான். அம்மா இருக்கிறாரா என்று பார்க்க உங்களால் முடியாது. போய்வந்தால் வரிசை கலைந்துவிடும். பின்னால் நிற்பவர்கள் எதுவும் பேசுவதில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னோர் அகப்பை ஊற்றினால் கடைசியில் யாரோ ஒருவருக்கு இல்லாமல் போகும். ஊற்றாவிட்டால் அவன் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். மறுநாளும் வருவான், மறுபடியும் கேட்பான். அவன் சொன்னது உண்மையா பொய்யா என்று கேம் முடிகிறவரை சொல்லப்போவதில்லை. தங்கை அந்த அம்மாவை ஓரிடத்தில் காட்டிவிட வேண்டும் என்று வாதாடினார், ஆடுபவருக்கு ஆறுதலாக இருக்கும் என்றார். தம்பி விடாப்பிடியாக மறுத்துவிட்டார். அங்கே நின்று ஊற்றியவர்களுக்கு யார் வந்து உண்மையைச் சொன்னார்கள் என்று கேட்டார். அதற்கு மேல் நாங்கள் யாரும் பேசவில்லை.

மதிப்பெண் கிடையாது. இதிலும் நான் தம்பியின் பக்கம்தான். 'டூம்' திரையின் அடியில் எத்தனை குண்டு மிச்சம், எத்தனை உயிர் மிச்சம் என்று எண்கள் ஓடும். அந்த இடத்தில் 'கருணை 70' என்று போட்டால் கொடுப்பது கொள்முதலாகிவிடும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், எந்தப் பாத்திரத்துக்கு ஊற்றினால் எண் கூடும் என்று ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்து, அங்கேயே ஊற்றிக்கொண்டிருப்பார்கள். இந்தக் கேமில் நீங்கள் எத்தனை பேருக்கு ஊற்றினீர்கள் என்பதைக்கூட யாரும் எண்ணுவதில்லை. நேற்று வந்தவர் இன்று வந்தால் உங்களுக்கு அடையாளம் தெரியும். வராவிட்டால் அதுவும் தெரியும்.

இனி தொழில்நுட்பம். இதை எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது, ஏனென்றால் நம் ஊர்ப் பிள்ளைகளால் இது முடியும் என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தக் காலத்து 'வுல்ஃபென்ஸ்டீன் 3டி' ஓடிய திரையில் குறுக்கே 320 புள்ளிகளும் நெடுக்கே 200 புள்ளிகளும்தான், நிறங்கள் 256. உண்மையில் அங்கே முப்பரிமாணம் எதுவும் கிடையாது. தரையில் வரைந்த கட்டம் போட்ட வரைபடம் ஒன்று இருக்கும். திரையை நெடுக்குக் கீற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கீற்றுக்கும் ஆடுபவரின் கண்ணிலிருந்து ஒரு கோடு விடுவார்கள். கோடு எவ்வளவு தூரத்தில் சுவரில் முட்டுகிறது என்று பார்ப்பார்கள். கிட்டே முட்டினால் அந்தக் கீற்றில் சுவரை உயரமாக வரைய வேண்டும், எட்டே முட்டினால் குட்டையாக வரைய வேண்டும். அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் தெரிந்தவருக்கு இந்தக் கணக்கு புரியும். இட் சாஃப்ட்வேரின் ஜான் கார்மாக் அதை அந்தக் காலத்து எளிய கணினிகளில் வேகமாக ஓட வைத்ததுதான் சாதனை. 'டூம்' கேமின் நிரலை அவர்கள் 1997-ல் எல்லோரும் படிக்கத் திறந்தே விட்டுவிட்டார்கள்.

இன்று அந்தக் கணக்கைக்கூட நாமே எழுத வேண்டியதில்லை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் ஆகிய இருவர் உருவாக்கிய 'கோடோ' என்ற மென்பொருள் 2014 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. உருவங்கள் செய்ய 'பிளெண்டர்' இருக்கிறது, அதுவும் இலவசம். தங்கையிடம் இருப்பது பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினி. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. எத்தனையோ வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான். இப்போதைய பெரிய கேம்கள் அதில் திறக்கக்கூட மாட்டா. இந்தக் கேம் ஓடுகிறது. சுவருக்கு ஒட்டும் படம் ஒன்று 64-க்கு 64 புள்ளி, முகத்துக்கு அதைவிடக் குறைவு. தொண்ணூறுகளின் பிளேஸ்டேஷன் கேம்களில் சுவர்களின் விளிம்பு நாம் நடக்கும்போது லேசாக நடுங்கும். அந்த இயந்திரம் புள்ளிகளை முழு எண்களாகவே வைத்துக் கணக்கிட்டதால் வந்த கோளாறு. தங்கை அந்த நடுக்கத்தை வேண்டுமென்றே கொண்டுவந்திருக்கிறார். எறிகணைச் சத்தம் நெருங்கும்போது நடுக்கம் கொஞ்சம் கூடுகிறது. பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

பழைய பாணி என்பது காசு இல்லாததால் மட்டும் எடுத்த முடிவில்லை. பழைய கேம்களில் மரம், பீப்பாய், விளக்கு எல்லாம் கனமில்லாத தட்டைப் படங்கள். நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவை நம்மைப் பார்த்தே திரும்பிக்கொள்ளும், அப்போதுதான் அவற்றின் தட்டைத்தன்மை தெரியாது. தங்கை வரிசையில் நிற்கும் மனிதர்களையும் அப்படியே செய்திருக்கிறார். நீங்கள் கிடாரத்தைச் சுற்றி எங்கே போய் நின்றாலும் அத்தனை முகங்களும் உங்கள் பக்கமே திரும்புகின்றன. முகத்தில் கண்ணுக்கு இரண்டு கரும்புள்ளி, வாய்க்கு ஒரு கோடு. அவ்வளவு குறைவாக இருப்பதால் ஆடுகிறவர் தனக்குத் தெரிந்த முகத்தை அதில் வைத்துக்கொள்கிறார். இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய தெளிவில் ரத்தத்தையும் சிதைந்த உடலையும் காட்டினால் அது வேடிக்கைப் பொருளாகிவிடும். இறந்தவர்களின் உறவினர்கள் நமக்குப் பக்கத்தில் வாழ்கிறார்கள். இந்தக் கேமில் பிணம் கிடையாது.

கிளிநொச்சியில் இருக்கும் தம்பியின் பெரியம்மா கைபேசியில் காணொளி அழைப்பில் இதைப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கிடாரத்துக்குக் கிட்டே போகச் சொன்னார். "இவ்வளவு தடிப்பா எங்க தம்பி இருந்தது? அடியில கிடந்த சோத்தை எண்ணிப்போடலாம்" என்றார். அன்று ராத்திரியே தங்கை கஞ்சியின் நிறத்தை மாற்றினார். இப்போது கிடாரத்துக்குள் பார்த்தால் அடி தெரிகிறது.

போரையும் துயரத்தையும் விளையாட்டாக்கலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பலஸ்தீனத்தைச் சேர்ந்த ரஷீத் அபுஎய்தே காசாவின் 2014 போரைப் பற்றி 'லைலா' என்ற சிறு கேமை 2016-ல் செய்தபோது, ஆப்பிள் நிறுவனம் அதை விளையாட்டுப் பிரிவில் சேர்க்க முதலில் மறுத்து, எதிர்ப்பு எழுந்த பிறகு ஏற்றுக்கொண்டது. சிரியாவின் ஹமா நகரிலிருந்து தப்பி ஆஸ்திரியா போய்ச் சேர்ந்த அப்துல்லா கரம் என்ற இளைஞர் தன் பயணத்தையே 'பாத் அவுட்' என்ற பழைய பாணிக் கேமாக்கினார். திரையின் மூலையில் அவரே தோன்றி, நிஜத்தில் என்ன நடந்தது என்று பேசுவார். தங்கள் வாழ்க்கையைத் தாங்களே இந்த வடிவத்தில் சொல்ல வந்தவர்கள் இவர்கள். அதனால்தான் எங்கள் அறையிலும் கடைசிச் சொல் தம்பியுடையது என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொண்டோம்.

இந்த வகையில் எல்லோரும் பார்க்க வேண்டியது போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014-ல் வெளியிட்ட 'திஸ் வார் ஆஃப் மைன்'. 1992 முதல் 1996 வரை முற்றுகையில் கிடந்த சரயேவோ நகர மக்களின் அனுபவத்திலிருந்து பிறந்தது. அதில் நீங்கள் படைவீரர் இல்லை; இடிந்த வீட்டில் ஒளிந்திருக்கும் சாதாரண மனிதர்கள். பகலில் சமைக்க வேண்டும், இரவில் ஒருவர் வெளியே போய் உணவும் மருந்தும் தேட வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் கதவைத் தட்டி அம்மாவுக்கு மருந்து கேட்பார்கள். கொடுத்தால் உங்களுக்கு இருக்காது. ஆதரவற்ற முதிய தம்பதியிடம் திருடினால் திருடியவர் மனம் உடைந்துபோய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்துவிடுவார். 2020-ல் போலந்து அரசு அதைப் பள்ளிகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. 2022-ல் உக்ரைன் மீது போர் தொடங்கியதும் அந்தக் கேமின் ஒரு வார வருமானத்தை அந்த நிறுவனம் உக்ரைன் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்தது.

போலந்து என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இரண்டாம் உலகப்போரில் நாடிழந்து அலைந்த நூற்றுக்கணக்கான போலந்துக் குழந்தைகளை 1942-ல் நவாநகர் மன்னர் ஜாம் சாகிப் திக்விஜய்சிங், குஜராத்தின் பாலாச்சடியில் தங்கவைத்து வளர்த்தார். வார்சாவில் இன்று அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, 'நல்ல மகாராஜா சதுக்கம்' இருக்கிறது. அந்தக் கேம் உருவானதும் வார்சாவில்தான். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. சோறு வாங்கியவர்கள் அதை எத்தனை தலைமுறை மறப்பதில்லை என்பதற்குச் சொல்கிறேன்.

தமிழிலும் வழி திறந்திருக்கிறது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா', கனடா போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைத்தபடியே சொல்கிறது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது. அதில் போர் இல்லை. ஆனால் ஒரு தமிழ்ச் சமையலறையை உலகமே ஆடிப் பார்க்கும் என்று அது காட்டிவிட்டது.

இனி உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன். கேம் மூன்று பகுதிகள் கொண்டது. முதல் பகுதியில் நீங்கள் ஊற்றுகிறீர்கள். இரண்டாம் பகுதியில் காலம் பின்னால் போகிறது, 1990. நீங்கள் படகேறி வந்து மண்டபத்தில் இறங்கியவர். கையில் அகப்பை இல்லை, ஒரு காலித் தட்டு. அந்த ஆண்டு ஜூனில் மறுபடி போர் மூண்டது. 1989-க்கும் 1991-க்கும் இடையில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படித் தமிழகம் வந்தார்கள். மண்டபத்திலிருந்து பேருந்துகளில் ஏற்றி மாவட்டம் மாவட்டமாக அனுப்பினார்கள். கடலை மட்டுமே பார்த்து வளர்ந்த குடும்பங்கள் நம் தருமபுரியின் கல்லுக்காட்டில் வந்து இறங்கியது அப்படித்தான். இதற்குத் தம்பியின் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் வேண்டிய நினைவுகள் கிடைத்துவிட்டன.

மூன்றாம் பகுதிதான் காலியாக இருக்கிறது. அதில் திரையின் அடியில் தெரியும் கை நம் ஊர்க்காரருடையது. நாகாவதி ஆறும், நாகமரைப் பரிசல் துறையும், மேட்டூர் அணைத் தண்ணீர் ஏறி நிற்கும் கரையும் தங்கை வரைந்து வைத்திருக்கிறார். அந்தக் கையில் என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு படி கேழ்வரகா, பழைய சேலையா, பிள்ளைக்குப் பாலா? டி.சி. இல்லாமல் வந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துக்கொண்ட ஆசிரியர் கையில் இருந்த பேனாவா? காட்டு வேலைக்கு வந்தவர்களுக்கு உள்ளூர்க் கூலியையே கொடுத்தவர் இருப்பார். கொடுக்காதவரும் இருப்பார், அதையும் எழுதுங்கள், கேமுக்கு அதுவும் வேண்டும். 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு எல்லாம் இறுகிப்போனது. முகாம் ஆள் என்றாலே சந்தேகமாகப் பார்த்த ஆண்டுகள் அவை; பிள்ளைகளின் படிப்புக்கும் இடைஞ்சல் வந்தது. அந்த நாளில் முகாமிலிருந்து வந்தவரைத் திண்ணையில் உட்காரவைத்துக் களி போட்டவருக்கு அக்கம்பக்கத்தில் பேச்சு வந்திருக்கும். பேச்சு வந்தும் போட்டவர்களைத்தான் முக்கியமாகத் தேடுகிறோம். 2021-ல் அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே வீட்டளவில் மாறியவர்கள் இந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள்.

எழுதும்போது சின்ன விவரங்களை விடாதீர்கள். பாத்திரம் ஈயமா, அலுமினியமா? வீட்டுச் சுவர் மண்ணா, சுண்ணாம்பு அடித்ததா? விளக்கு எங்கே மாட்டியிருந்தது? என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள், அவர்கள் உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? 64 புள்ளிக்குள் வரைய வேண்டிய தங்கைக்கு இவைதான் தேவை. உயிரோடு இருப்பவர்களின் பெயரை அவர்களைக் கேட்காமல் எழுத வேண்டாம். எழுத முடியாத பெரியவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள், அல்லது ஆள் அனுப்புங்கள். தம்பியும் நானும் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறோம். தை பிறப்பதற்குள் வந்துவிட்டால் நல்லது. அதற்குப் பிறகு தங்கைக்குத் தேர்வு.

அன்புடன்,
ஆசிரியர்